தக்காளிப் படத்தில் ஒட்டிய பொட்டு

திண்டுக்கல்லில் படம் விற்கும் என்று ஞானராஜைத் தவிர யாரும் நம்பவில்லை. கீழே சாமி படங்களுக்கும் செத்துப்போனவர்களின் போட்டோக்களுக்கும் பிரேம் போட்டுக் கொடுக்கும் கடை அவருடையது. மேலே சும்மா கிடந்த நீள அறைக்கு வெள்ளையடித்து, ட்யூப்லைட் மாட்டி, வாசலில் ‘கலைக்கூடம்’ என்று ஒரு பலகையும் வைத்தார். தொண்ணூற்றேழாம் வருஷம் அங்கே முதல் கண்காட்சி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் முகமது பாரூக், காந்திகிராமத்தில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளஞ்செழியன், பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்த ஆனந்தமேரி ஆகிய மூன்று பேரின் படங்கள்.

விற்ற படத்துக்கு மெட்ராஸில் சிவப்பு வட்டம் ஒட்டுவார்கள் என்று இளஞ்செழியன் சொன்னான். ஞானராஜ் பேன்சி ஸ்டோருக்குப் போய் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்தார்.

“பொட்டு வச்சாச்சுன்னா நிச்சயமான பொண்ணு மாதிரி பாய். வேற யாரும் கேக்கக் கூடாது” என்று பாரூக்கிடம் சொன்னார். கண்காட்சி முடியும்வரை எந்தப் படமும் சுவரை விட்டு இறங்கக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்.

ஆனந்தமேரி கொடுத்திருந்த படங்களில் பெரியது தக்காளிப் படம். விலை விழுந்த ஒரு நாளில் ஒட்டன்சத்திரம் சாலையில் யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன தக்காளி. பஸ் நசுக்கிப் போனது போக மிச்சம் வெயிலில் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு ஆள், முதுகைக் காட்டி, கையைத் தலையில் வைத்துக் குந்தியிருக்கிறார். அவள் அதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாள். வரைந்து முடிக்க ஒரு கோடை முழுக்கப் பிடித்தது. கணவன் பெலிக்ஸ் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, யார் வீட்டில் இதை மாட்டுவார்கள் என்று மட்டும் கேட்டிருந்தான்.

படங்களை வண்டியில் ஏற்றிய அன்று அவள் அவனிடம் ஒன்று சொன்னாள். “ஊரு பேரு தெரியாத ஒருத்தராச்சும் ஒண்ணு வாங்கணும். தெரிஞ்சவுக வேணாம். இல்லேன்னா இதோட விட்டுர்றேன்.” பெலிக்ஸ் பதில் சொல்லவில்லை. அவன் அப்படித்தான். வேடசந்தூர் நூல்மில்லில் நாளெல்லாம் இரைச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவன், வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, அந்த வாரம் வரைக்கும்.

இரண்டாம் நாள் அவள் பள்ளி விட்டு வந்தபோது பெலிக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தான். மில் பஸ்ஸிலிருந்து நேரே இறங்கி வந்தவன்போல டிபன் பை தோளில் இருந்தது. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அவள் படியேறினாள். பாதிப் படியில், வெள்ளையடித்த சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. படம் பார்க்க வந்த பெண் யாராவது உரித்து ஒட்டியிருப்பாள் என்று நினைத்துக் கடந்தாள்.

மேலே தக்காளிப் படத்தின் பிரேம் மூலையிலும் ஒரு பொட்டு இருந்தது.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். சந்தோஷம் வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. பாரூக் வரைந்த மலைக்கோட்டை விற்கவில்லை. இளஞ்செழியனின் பூக்காரிகள் விற்கவில்லை. இதை யார் வாங்குவார்கள்?

ஞானராஜ் பேரைச் சொல்ல மறுத்துவிட்டார். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், கடைசி நாள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்றார். சொல்லும்போது கண்ணாடி வெட்டும் பேனாவைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“டீச்சரம்மாவுக்கு ரகசிய ரசிகரு” என்றார் பாரூக். “எனக்கு வந்தா பேரச் சொல்லிட்டு வரச் சொல்லுங்க. கடன்காரனா இருக்கப் போறான்.” அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் காலை துவைக்கப் போட்ட பெலிக்ஸின் சட்டைப் பையைத் துழாவியபோது ஒரு பொட்டு அட்டை கையில் வந்தது. சிவப்பு. முதல் வரிசையில் ஒன்று இல்லை.

அவள் பொட்டு வைப்பதில்லை. அம்மா வீட்டிலும் வழக்கமில்லை. அட்டையை இருந்த மாதிரியே மடித்து, சட்டையைத் துவைக்காமல் கொடியில் திரும்ப மாட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் எடுத்து ஒளிக்கிறானா என்று பார்க்கத்தான் போல. சாயங்காலம் பார்த்தபோது சட்டை அங்கேயே இருந்தது, அட்டை இல்லை.

அதன் பிறகு வீட்டில் எல்லாமே சாட்சியாக மாறியது. அவன் சோற்றுக்கு இரண்டாவது தடவை வெஞ்சனம் கேட்காதது, படத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காதது, அவள் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவும்போது கதவோரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தது. இரக்கப்படுகிறான் என்று தோன்றியது. இத்தனை வருஷம் தன் படங்களை அவன் பார்த்த பார்வையெல்லாம் இரக்கம்தானோ என்றும் தோன்றியது. கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று அவன் சொல்லிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. பெயிண்ட் பெட்டியைச் சுற்றிக் கட்டிப் பரணில் ஏற்ற ஒரு பழைய சேலையைக்கூட எடுத்துவைத்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் மிச்சப் படங்களை எடுத்துப் போக பெலிக்ஸும் வந்தான். இருவரும் அறையின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். வாங்கினவர் வரமாட்டார், வாங்கினவர் ஏற்கெனவே இங்கேதான் நிற்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு விவசாயி. கூடவே கல்லூரிப் பெண். ஞானராஜ் எழுந்து, “வாங்க கண்ணுசாமி ஐயா. பாப்பா சொல்லுச்சு” என்றார். பொட்டு வைத்த அன்றைக்கே படத்தைக் கொடுங்கள் என்று அந்தப் பெண் கெஞ்சியதையும், தான் சட்டம் பேசி மறுத்ததையும் அப்போதுதான் சொன்னார்.

கண்ணுசாமி படத்தின் முன்னால் போய் நின்றார். அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. படத்தில் குந்தியிருந்தவருக்கும் இடது தோள் இறங்கியிருந்தது. ஆனந்தமேரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்க அம்மணி, நீங்க என்னைய முன்னப் பின்ன பாத்திருக்கறீங்களா?”

“இல்லீங்க. பஸ்ஸுல போகையில பாத்தேன். முகத்தப் பாக்கல.”

“மொகமில்லாமயே என்ற புள்ள கண்டுபுடிச்சிருச்சு.” பக்கத்தில் மகள் புவனேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அடுத்த மாசம் இதுக்குப் பரிசமுங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இந்த ஊருதான். இப்படிக் குந்தியிருந்தவன்னு அவங்க பாக்க வேண்டாம்னுதான் புள்ள பொட்டு வெக்கச் சொல்லிப்போட்டு வந்துச்சு.”

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“பின்னால இம்புட்டு நரைச்சிருச்சுங்களா எனக்கு?”

படத்தை முகம் உள்ளே இருக்கும்படி செய்தித்தாளில் சுற்றித் தரச் சொன்னார். வீட்டில் மாட்டமாட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னார். படியிறங்கும்போது நின்று, “கொளுத்தவும் மாட்டனுங்க” என்றார்.

அவர்கள் போனபிறகு பெலிக்ஸ் மூலையிலிருந்து பேசினான்.

“நீயே ஒட்டிக்கிட்டன்னு நான் நெனச்சேன் மேரி.”

அவள் திரும்பினாள். “உங்க பையில அட்டை இருந்துச்சு.”

“ஒட்டத்தான் வாங்கிட்டு வந்தேன். ஒண்ண உரிச்சு வெரல்ல வச்சுக்கிட்டு மேல வந்தா ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ஞானராஜும் பேரச் சொல்லல. நீதான் சொல்லி வச்சிருப்பேன்னு… கேட்டா உனக்கு அவமானமா இருக்குமேன்னு கேக்கல. வெரல்ல இருந்தத படிச் சுவத்துல தேச்சுட்டு எறங்கிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னான். அவன் ஒட்ட வந்தது நிஜம். அவள் தன்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடியவள் என்று அவன் நம்பியதும் நிஜம். இத்தனை நாள் அவனைச் சட்டைப் பையில் வேவு பார்த்தவள் அவள்.

அடுத்த தடவைக்கு ஏதாவது இருக்கிறதா டீச்சர் என்று ஞானராஜ் கேட்டார். இருக்கும், ஒரு ஆணியை விட்டுவையுங்கள் என்றாள்.

பெலிக்ஸ் படங்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். அவள் பாதிப் படியில் நின்று, சுவரிலிருந்த பொட்டை நகத்தால் உரித்தாள். அதோடு கொஞ்சம் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. கீழே அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல், காத்திருந்தான்.