பாதியில் நின்ற கொட்டாவி

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து இறைக்கிறார்களே, அந்த மாம்பழத்தின்மேல் கைவைத்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்லும் இட்டுக்கட்டியது இல்லை. பொய்யென்று யாராவது காட்டிவிட்டால், சொன்னவன் ஆயுசுக்கும் அந்தப் பழத்தை ஏந்த வேண்டாம். கொட்டையைக்கூடத் தொட வேண்டாம்.

நாகராஜ் சங்கை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பிய நேரத்தில், பங்கஜவல்லி, “கொஞ்சம் இருப்பா” என்றாள்.

வைத்த சங்கை அவன் எடுத்தான். பறை நின்றது. பாடைக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நெரவியில் அந்தத் தெரு முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

“என்னம்மா பங்கஜம்?” என்றார் உத்திராபதி. செத்துப்போன நவநீதனுக்கு அண்ணன். “வெயில் சாயுறதுக்குள்ள எடுத்துடணும்.”

“எடுக்கலாம் மாமா. அவரு ஒண்ண பாதியில விட்டுட்டாரு. அது முடியாம அவர அனுப்ப மாட்டேன்.”

உத்திராபதி ஐஸ் பெட்டியைப் பார்த்தார். உள்ளே தம்பி, தாடைக்கட்டும் மூக்குக்கண்ணாடியுமாக, பதில் தெரிந்தும் சொல்லாதவர் மாதிரிப் படுத்திருந்தார்.

நவநீதன் ‘கடைமடை’ நாளிதழின் நிருபர். சேர்ந்த புதிதில் மீன் விலையும் கடல் ஏற்ற இறக்கமும் எழுதினார். பிறகு நெல்லுக்கு வரும் பூச்சி, கிரகணம், பட்ஜெட், வெங்காயம் ஏன் கண்ணைக் கரிக்கிறது, ஜி.எஸ்.டி. என்றால் என்ன, கொரோனா எப்படி ஒட்டுகிறது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் ஒன்று. முதல் பத்தியில் கேள்வியைப் போட்டுத் தவிக்கவிடுவார். அடுத்த பத்தி ‘அதாவது’ என்று தொடங்கும். தொடங்கினால் ஊருக்கே தெளிந்துவிடும்.

கொசு எந்த வாசனையைத் தேடி வருகிறது என்று அவர் எழுதிய வாரம், நெரவிக் கொசுக்கள் வெட்கப்பட்டுக் குடும்பத்தோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் போய்விட்டன. போதையில் கால் பின்னுவது காதுக்குள் இருக்கும் நீர் ஆடுவதால்தான் என்று ஒரு தடவை எழுதினார். அந்தச் சனிக்கிழமை, இந்தப் பக்கம் சரக்கு மலிவு என்று எல்லை தாண்டிக் குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நேராக நடந்து வாஞ்சூர் சோதனைச் சாவடியைக் கடந்தார்கள். போலீஸ்காரர் சல்யூட் அடித்தார் என்பதை மட்டும் விட்டுவிடலாம்; அதற்கு ஒரே ஒரு சாட்சிதான், அவரும் அன்றைக்குக் காதைப் பொத்தியிருந்தார்.

சுனாமிக்குப் பிறகு கிளிஞ்சல்மேட்டு மணலில் உட்கார்ந்து, ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, கடல் ஏன் அப்படி எழுந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அதை மட்டும் அவர் பத்திரிகையில் எழுதவில்லை.

எழுதிய எதுவும் நேராக அச்சுக்குப் போனதில்லை. அடுப்படி வழியாகத்தான் போகும். பங்கஜவல்லி மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்வார். அவள் “ம்” என்றால் கட்டுரை தேறியது. “சரி சரி” என்றால் தேறவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுவார். நீட் தேர்வு பற்றிய கட்டுரை ஐந்து ‘சரி சரி’ வாங்கியது. தேறியதை மாலையில் ஆசிரியர் ஜெகபர் அலி ஸ்கூட்டரில் வந்து, டீ குடித்துவிட்டு, சட்டைப்பையில் வைத்து எடுத்துப்போவார்.

இன்றைக்கும் வியாழக்கிழமை. காலையில் நவநீதன் முக்காலியில் உட்கார்ந்து, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒருத்தர் கொட்டாவி விட்டா பக்கத்துல இருக்கறவங்களுக்கும் ஏன் வருது, சொல்லு பாப்போம்” என்று கேட்டார். “அதாவது…” என்றார். அதோடு சரி.

“எப்பம்மா உனக்குத் தெரிஞ்சுது?” என்று மகள் சந்திரலேகா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சுது” என்று மட்டும் சொன்னாள் பங்கஜவல்லி.

இப்போது கூட்டத்தைப் பார்த்து அவள் கேட்டாள்: “கொட்டாவி ஏன் ஒட்டிக்குது? யாருக்காச்சும் தெரியுமா?”

கேட்டிருக்கக் கூடாது. கொட்டாவி என்ற சொல் காதில் விழுந்ததுமே நாகராஜுக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பறை அடிப்பவருக்கு வந்தது. ஒப்பாரி வைத்த பெண்கள் “என் ராசாஆஆ” என்று இழுத்த இடத்தில் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. எது அழுகை, எது கொட்டாவி என்று பிரிக்க முடியவில்லை.

“ரத்தத்துல காத்து கம்மியானா வரும்” என்றார் பந்தல் போட்டவர், கொட்டாவிக்கு நடுவில்.

“அது ஒருத்தனுக்குத்தானே கம்மியாவும்? பக்கத்து ஆளுக்கு ஏன் வருது?” என்றாள் பங்கஜவல்லி.

“மூளை சூடானா வரும்னு படிச்சேன் அத்தாச்சி” என்றான் கயிறு முடிந்துகொண்டிருந்த ஒருவன்.

“அப்ப ஒனக்கு எதுக்குடா வருது?” என்றார் உத்திராபதி. துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லாரும் குனிந்தார்கள். குனிந்தவர்கள் அப்படியே கொட்டாவி விட்டு நிமிர்ந்தார்கள். உத்திராபதிக்குச் சந்தேகம் வந்து, ஐஸ் பெட்டியருகே நின்றவனிடம் மெதுவாகச் சொன்னார்: “எதுக்கும் தம்பியோட தாடைக்கட்டு இறுக்கமா இருக்கான்னு பாத்துக்க.”

கொட்டாவி தெருமுனைக்குப் போனது. அங்கே நின்ற பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுக்காமல் காரைக்காலுக்குப் போனது. அங்கிருந்து திரும்பி, கீழவாஞ்சூர்த் துறைமுகம் வரைக்கும் போனது. ஏனென்றால் ஜெகபர் அலி ஸ்கூட்டரை நிறுத்தியதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “என்னப்பா இது? நிலக்கரி லாரி அத்தனையும் ரோட்டோரமா நிக்கிது. டிரைவருங்க எல்லாம் ஆன்னு வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருக்கானுவ!”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் வந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடிமேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“வாங்க பாய்” என்றாள் பங்கஜவல்லி. “டீ போடல.”

“இருக்கட்டும் தங்கச்சி. இன்னிக்கு வியாழன். பக்கம் காலியா கெடக்கு. கட்டுரை எங்க?”

சந்திரலேகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உத்திராபதி அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

“பாதிதான் ஆச்சு பாய். ‘அதாவது’ன்னு சொன்னாரு. மிச்சம் சொல்லல.”

“மிச்சத்த நீ சொல்லு. எழுதிக்கறேன்.”

ஜெகபர் அலி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதக் காகிதம் இல்லை. பந்தல்காரர் பூ மடித்து வந்த தாளை நீவிக் கொடுத்தார். அதிலிருந்த ஈரத்தை அலி தொடையில் வைத்துத் துடைத்தார்.

பங்கஜவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மீன் ஆயும்போது செருகிக்கொள்வாளே, அப்படி.

“அதாவது,” என்றாள். தெரு அடங்கியது. “கொட்டாவி எல்லாருக்கும் எல்லார்கிட்டேருந்தும் ஒட்டாது. பிடிக்காதவன் எதிர்ல ஒக்காந்து விட்டா நமக்கு வராது. யாரப் பாத்துக்கிட்டே இருக்கமோ, அவங்க விட்டாத்தான் வரும். நான் அடுப்படியில விட்டா அவருக்கு வாசல்ல வரும். கல்யாணமான நாள்லேருந்து அப்பிடித்தான். ஒரு தடவகூட தப்புனதில்ல.”

அலியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னிக்குக் காலையில, அவரு கேட்டதுமே எனக்கு வந்துடுச்சு. விட்டேன். விட்டுட்டு நிமிந்து பாத்தேன்.” அவள் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். “அவருக்கு வரல.”

சந்திரலேகா அம்மாவின் தோளில் கைவைத்தாள்.

“அவ்வளவுதான் பாய். புரியுதா?”

ஜெகபர் அலி எழுதியதை ஒரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“ம்” என்றார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பங்கஜவல்லி நாகராஜைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் சங்கை ஊதினான். இந்த முறை மூச்சு முழுசாக வந்தது. பாடை முனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், முக்காலியை அடுப்படியிலேயே, இருந்த இடத்திலேயே, ஒருமுறை துடைத்து வைத்தாள்.

‘கடைமடை’ கொரோனா வருஷத்திலேயே நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகும் வியாழக்கிழமைக் கட்டுரையும் அலியின் ஸ்கூட்டரும் மட்டும் நிற்கவில்லை. பத்திரிகைகள் ஏன் நின்றுபோகின்றன என்று அதன் கடைசி இதழில் நவநீதன் எழுதிய விளக்கத்துக்குப் பங்கஜவல்லி ஒரே தடவையில் “ம்” சொல்லியிருந்தாள்.