இரண்டாவது ஆணி

விடிவதற்கு முன்பே சாணைக்கல் சுற்ற ஆரம்பித்துவிடும். பொறி முகத்தில் தெறிக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் கத்தி எங்களுடையது, மடக்க முடியாத கத்தி. நான் அலகைச் சாணை பிடிப்பவன், அண்ணி அதற்குப் பிடி போடுபவள். அலகின் பின்னால் ஓர் இரும்பு வால் இருக்கும். அதை மரப்பிடிக்குள் கடைசிவரை இறக்கி, பசை ஊற்றி, குறுக்கே இரண்டு ஆணி அடித்து இறுக்குவாள். அந்தக் கத்தியைக் கட்டையில் குத்தி, ஆள் ஏறி நின்றாலும் பிடி அசையாது.

மழைக்காலத்தில் முதலாளி வாலைப் பாதியாக வெட்டச் சொன்னார். இரும்பு மிச்சமாகுமாம்!

"வால் பாதியில நின்னா ரெண்டாவது ஆணி எதைப் புடிக்கும்?" என்று கேட்டாள் அண்ணி.

"மரத்தைப் புடிக்கட்டும். வாங்குறவன் வெளிய ஆணி தெரியுதான்னுதான் பாப்பான். உள்ள பொளந்தா பாக்கப்போறான்?"

அன்றிலிருந்து அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது கை அந்தரத்தில் நின்றுவிடும். படுத்த படுக்கையாக இருக்கும் அண்ணனைப் பார்ப்பாள், வேலைக்கு வந்து பாதி வாலுக்குப் பிடி போடுவாள். அவள் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

நேற்றுக் காலை கேட்டைத் தள்ளிக்கொண்டு மரம் வெட்டுகிற ஆள் ஒருவர் உள்ளே வந்தார். அவர் கையில் முறிந்த பிடி.

"கட்டையில குத்தி நெம்பியிருக்கான் என் தம்பி. பிடி நடுவுல முறிஞ்சு, கை அலகு மேல வழுக்கிருச்சு. மூணு விரல் போச்சு. யாருய்யா இதைப் பொருத்துனது?"

முதலாளி ஓடி வந்தார். "பசையைச் சரியா ஊத்தும்மான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. இதோ, இந்தப் பொம்பளைதான். இன்னையோட வேலையை விட்டு அனுப்பிடறேன்."

அடப்பாவி, இப்படியும் ஒரு மனுஷன் புளுகுவானா!

மெருகு போடும் ரேடியோ எழுந்தான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். "பசையில ஒரு குறையும் இல்ல முதலாளி. வாலு எங்க போச்சு? அதைச் சொல்லுங்க."

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

"மூடுற வாயா இருந்தா ரேடியோன்னு பேரு வெச்சிருப்பாங்களா?"

அண்ணி மரம் வெட்டுபவரின் முன்னால் போய் நின்றாள். "பொருத்துனது நான்தாண்ணே. வாலை வெட்டச் சொன்னது இவரு. இனிமே பாதி வாலுக்கு நான் பிடி போடமாட்டேன்."

"அப்போ வெளிய போ! டேய் சாணை, அவ எடத்துல நீ போய் உக்காரு."

என்னைத்தான் சொன்னார். நான் சாணையை நிறுத்தினேன். ரேடியோ மெருகுச் சக்கரத்தை நிறுத்தினான். உலைக்காரர்கள் கையுறையைக் கழற்றினார்கள். பட்டறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அண்ணி முன்னால் நடக்க, எல்லோரும் கேட்டுக்கு வெளியே போய்த் தரையில் உட்கார்ந்தோம்.

"வயிறு காஞ்சா தானா வருவீங்கடா!" என்று கேட்டை இழுத்துச் சாத்தினார் முதலாளி.

அதில் பொய்யில்லை. பயமாகத்தான் இருந்தது. வீட்டில் என்ன சொல்வது, எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது என்று மனம் அலைந்தது.

மரம் வெட்டுபவர் எங்கள் எதிரிலேயே நின்றார். அண்ணியை முறைத்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவர் போனை எடுத்தார்.

"டேய், நம்ம ஆளுங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு பட்டறைக்கு வா. இங்க வாங்கின கத்தி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வரணும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "வெட்டுகுத்துக்கு இல்லடா. இவங்களோட உக்காரத்தான்."

அண்ணி நகர்ந்து இடம் விட்டாள்.