ஆயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து வயது

1

இந்தக் கதை ஒரு கழித்தல் கணக்கில் பிறந்தது. 2535-இல் 1290 போனால் 1245. நான் வேலைக்குப் போயிருந்த யஸ்த் நகரத்தில், தகப்பனைப் புதைத்துவிட்டு வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு என் முன்னால் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

நாற்பது வருடத்துக்கு மேலாக இதை எழுதப் பார்க்கிறேன். எழுத முடியாததற்குக் காரணம் அவள் இல்லை, நான். ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் நழுவப் பார்ப்பேன். விடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பாலைவனத்தின் விளிம்பில், காற்றுக் கோபுரங்களுக்கு நடுவே…" வேண்டாம். இது தபால் அட்டை.

இரண்டாவது: "அந்த வசந்தத்தில் அரசாங்கம் ஒரே நாளில் நாட்டுக்கே ஆயிரத்து நூற்றெண்பது வருடத்தைக் கூட்டிவிட்டது." இது இருக்கட்டும். நடந்ததுதான். நபிகள் மதீனாவுக்குப் பெயர்ந்ததிலிருந்து சூரியக் கணக்கில் எண்ணிவந்த வருடம் 1354-ஓடு நின்றது. மறுநாள் 1355 வரவில்லை, 2535 வந்தது. இனி சைரஸ் மன்னர் பட்டமேறியதிலிருந்து எண்ண வேண்டுமாம்.

(அடுத்த தெரு ஜரத்துஷ்டிரர்கள் தங்கள் கடைசி மன்னர் முடிசூடியதிலிருந்து எண்ணி 1345-இல் இருந்தார்கள். நான் ஃபிட்டராக இருந்த நூல் மில்லில் 1976. அம்மாவின் கடிதத்தில் நள வருஷம். எங்கள் கணக்குப்படி அறுபதோடு சக்கரம் ஒரு சுற்று முடிந்துவிடும்; அறுபத்தைந்தில் செத்துப்போன அவள் அப்பா ஐந்து வயதுப் பிள்ளை. இதை ஆசிரியையிடம் சொன்னபோதுதான் முதல்முறை அழாமல் சிரித்தாள்.)

3

அவள் பெயர் தூரான். அவள் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். அப்பா யதொல்லா நிலத்தடி நீர்க்கால்வாய் தோண்டியவர், 1290-இல் பிறந்தவர். இடுகாட்டு அலுவலகத்தில், கல்லில் இறந்த வருடம் 2535 என்றுதான் இருக்க வேண்டும் என்றார்கள். (அந்த உத்தரவைக் காகிதத்தில் நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.)

கல்வெட்டுக்காரர் உஸ்தா நஸ்ரொல்லாவின் (உஸ்தா என்றால் மேஸ்திரி) பட்டறைக்கு நானும் கூடப் போனேன்.

"டீச்சர், பேசாம சந்திரக் கணக்குல போட்ரலாம். 1329 – 1396. தொழுகைக்காரன் கணக்கு, எவனும் வாயத் திறக்க மாட்டான்."

"சந்திர வருஷம் குட்டை, அதுல அப்பாவுக்கு அறுபத்தேழு ஆயிடும் உஸ்தா. அறுபத்தஞ்சுதான் வாழ்ந்தாரு. மேல ரெண்டு வருஷம் குடுக்க நான் யாரு?"

"அப்ப பொறந்த வருஷத்தையும் புதுசாக்கு. 2470."

"2470-ல எங்கப்பா பொறக்கல. 1290-ல, எங்க பாட்டி வயல்ல நிக்கும்போது பொறந்தாரு."

"இந்தப் பிடிவாதத்துக்கு உங்கப்பன் பேரையே போடலாம்." உஸ்தா உளியை எடுத்து என்னைப் பார்த்தார். "இஞ்சினியரே, கதவச் சாத்துங்க."

1290 – 1355 என்று வெட்டினார். கல்லின் ஓரத்தில் எப்போதும் போடும் தன் அடையாளத்தைப் போடவில்லை. வெட்டியது யாரென்று தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

4

கல் நட்ட பன்னிரண்டாம் நாள் ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவரை முதலில் கறுப்புக் கண்ணாடியும் தடித்த மீசையுமாக எழுதினேன். [அடித்தது: "அவர் கண்கள் பாம்பின்…"] பொய். ஜலதோஷம் பிடித்த, ஒல்லியான மனிதர். வெள்ளிக்கிழமை முற்பகல். தூரான் கல்லறைக்குப் போயிருந்தாள். நானே தேநீர் கொடுத்தேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினார்.

"உங்க நிழல் எங்க மேலேருந்து குறையவே கூடாது இஞ்சினியர் சார். வெளிநாட்டுலேருந்து வந்து எங்களுக்காக உழைக்கிறீங்க."

"நான் ஃபிட்டர்தாங்க."

"அடக்கம்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பெரியவர் கல்லப் பாத்தேன். அழகான எழுத்து. வருஷம் மட்டும் தப்பா விழுந்திருச்சு. டீச்சர் துக்கத்துல இருக்காங்க, அவங்கள ஒண்ணும் கேக்கப் போறதில்ல. உளி பிடிச்ச கை யாருது?"

நான் தேநீரைப் பார்த்தேன்.

"உங்க தங்கும் அனுமதி என்னைக்கு முடியுது? ரெண்டாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறா, ஆயிரத்து முந்நூத்தி ஐம்பத்தாறா? பழைய கணக்குன்னா, அப்படி ஒரு வருஷமே இப்ப கிடையாதே சார்."

5

முதல் வரைவில் "எனக்குத் தெரியாது" என்றேன். நல்ல வரைவு. நண்பர்களுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவதில் அவர் என்னை அடித்தார், பிறகு சொன்னேன். அவர் என் மேல் விரலைக்கூட வைக்கவில்லை.

நடந்தது: தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"நஸ்ரொல்லா."

"எந்த நஸ்ரொல்லா? ரெண்டு பேர் இருக்காங்களே."

"சந்தை வாசல் பட்டறை. இடது காலத் தாங்கி நடப்பாரு."

காலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. (இந்த வரியை ஒவ்வொரு வரைவிலும் அடித்தேன். இந்தமுறை விட்டுவைக்கிறேன்.)

6

அன்று மாலையே கல்லை இரண்டாக உடைத்துப் போட்டார்கள். உஸ்தா பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பினார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. கேட்டவர்களிடம், "உளி வழுக்கிருச்சு" என்றார்.

எழுத்தை வைத்தே கையைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்தது இடுகாட்டுக் காவலாளிதான் என்று தூரான் முடிவுகட்டினாள். அந்த மனிதர் சலாம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருமுறை அவர் என்னிடமே வந்து, "நான் என்ன தப்பு செஞ்சேன், கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

7

இரண்டு வருடம் கல்லறை வெறும் மண்ணாகக் கிடந்தது. பிறகு தெருவெல்லாம் கூட்டமும் கோஷமுமாக இருந்த ஒரு கோடையில், பழைய கணக்கே திரும்புகிறது என்று வானொலி சொன்னது. 2537-ஆக இருந்த வருடம் 1357 ஆனது. காரணம் யாரும் சொல்லவில்லை.

மறு வாரம் உஸ்தா புதுக் கல்லோடு இடுகாட்டுக்கு வந்தார். கல் கனம், தூக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். இடது கையால் வெட்டினார். தூசி பறக்காமல் நான் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினேன். தூரான் மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

1290 முடிந்தது. 13 முடிந்தது. முதல் ஐந்தில் நிறுத்தி, தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"இந்த ஊர்ல கல்லு வெட்டுற நஸ்ரொல்லா ரெண்டு பேரு இஞ்சினியரே. அவங்க தப்பான வாசல ஒரு தடவகூடத் தட்டல. நேரா எங்கிட்ட வந்தாங்க."

நான் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"ஊத்துங்க. காயுது."

கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் அது இல்லை.

8

அதற்கு நான் சொன்ன பதிலை நான்கு விதமாக எழுதி, நான்கையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் நான் அழுகிறேன். ஒன்றில் அம்மாவையும் வேலையையும் காரணம் சொல்கிறேன். மூன்றாவதில் ஒன்றும் புரியாதவன்போல நிற்கிறேன். நான்காவதில் உரக்க, டீச்சருக்குக் கேட்கும்படி உண்மையைச் சொல்கிறேன். காவலாளியும் வாசலில் நிமிர்ந்து பார்க்கிறார். இவற்றில் ஒன்று நடந்தது. எது என்று நான் சொன்னால், இதுவரை அடித்துத் திருத்தியவன் இதையும் திருத்தியிருப்பான் என்றுதான் நினைப்பீர்கள். நினைக்க வேண்டியதும் அதுதான்.

ஆகவே என் இடத்தில் நீங்கள் மண்டியிடுங்கள். குடத்தைப் பிடியுங்கள். மூன்று விரல் மடங்காத கை உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் கல்லை அழுத்திக்கொண்டிருக்கிறது. இன்னும் ஓர் ஐந்து பாக்கி.

அவர் காத்திருக்கிறார். சொல்லுங்கள்.