வட்டத்துக்குள் சொன்னது

கேமராவின் முன்பக்கம் எரியும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். ஒளிப்பதிவு வகுப்பின் முதல் வாரத்திலேயே நான் சொல்லித்தரும் பழக்கம் அது. பேட்டி கொடுப்பவர் அந்த விளக்கைப் பார்த்துவிட்டால் முதுகை நிமிர்த்திக்கொள்வார், குரல் மாறிவிடும், வீட்டில் பேசாத மொழியெல்லாம் வாயில் வரும். விளக்கு தெரியாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கேமரா இருப்பதையே மறந்துவிடுவார். ஆனால் அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் இந்த வைத்தியம் பலிக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். முப்பத்திரண்டு வருடம் நாடகம் கற்றுக்கொடுத்த மனிதர். வருகைப்பதிவு எடுப்பதைக்கூட அரங்கேற்றம் மாதிரிச் செய்கிறவர்.

மாணவர்கள் அவரைக் குழாய் சார் என்பார்கள். திறந்தால் தண்ணீர். அழுது காட்டச் சொன்னால் பதினோரு நொடியில் இரண்டு கண்ணிலும் சமமாகக் கண்ணீர் வரும். யாரோ கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும், உள்ளூர அதில் பெருமைதான். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. விழாவில் திரையிட இருபது நிமிடப் படம் ஒன்று வேண்டும் என்று முதல்வர் எங்கள் மின்னணு ஊடகத் துறையைக் கேட்டபோது மற்றவர்கள் திருத்த வேண்டிய விடைத்தாள்களைக் காட்டி நழுவினார்கள். நான் கையைத் தூக்கினேன். "அவர்கிட்ட படிச்ச மாணவிக்குத்தான் அந்தப் பாசம் இருக்கும்" என்று முதல்வர் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு நாற்காலியில் அந்த மனிதர் வந்து உட்கார வேண்டும் என்று பத்தொன்பது வருடமாகக் காத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்? பல்லைக் காட்டி வைத்தேன்.

எங்கள் கல்லூரியில் தாழ்வாரத்தின் ஒரு முனையில் நாடகத் துறை, மறுமுனையில் ஊடகத் துறை. இரண்டாம் ஆண்டு வரை எல்லாரும் இரண்டையும் படித்தாக வேண்டும். நானும் படித்தேன். நடிப்புப் பாடம் சுவர் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்த அறையில் நடக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் சாக்பீஸால் வரைந்த வட்டத்தைச் சுற்றி உட்காருவோம். ஒவ்வொருவராக நடுவில் போய், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நிஜமான நடிப்பு அங்கிருந்துதான் வரும் என்பார். "வட்டத்துல சொன்னது வட்டத்தோட. வெளிய போச்சுன்னா நான் மனுஷனே இல்ல" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். எனக்கு இருபது வயது. நம்பினேன்.

நான் சொன்னது இதுதான். என் அப்பா பதினோரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அம்மா ஒருத்திதான். ஒரு மதியம் அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் நின்றுவிட்டது. அவள் உள்ளே போனபோது அவர் இல்லை. பள்ளியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட நான், கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் நின்று அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் உள்ளே போகவில்லை. நான் பார்த்தது அம்மாவுக்குத் தெரியாது.

நான்கு மாதம் கழித்து ஆண்டு விழாவில் குழாய் சாரின் நாடகம். கடைசிக் காட்சியைக் கதாநாயகியோடு தனியாகவே ஒத்திகை பார்த்தார்; மற்றவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்றார். எனக்கு ஆட்களை உட்காரவைக்கும் வேலை. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்த அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் நானேதான் உட்காரவைத்தேன். கடைசிக் காட்சியில் மேடையில் ஒரு படி இருந்தது. அதில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அம்மா மட்டும் எழவில்லை. திரும்பி வரும் பேருந்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ பாத்தியா அன்னைக்கு?" என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு பதினாறு வருடம் உயிரோடு இருந்தாள். ஒரு நாள்கூட என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் தோளைப் பார்த்துத்தான் பேசினாள்.

மறுநாளே சார் அறைக்குப் போய்க் கத்தினேன். "கலைக்கு அம்மா அப்பாவெல்லாம் கிடையாதும்மா. உன் வலிய நான் பெருசாக்கியிருக்கேன், சந்தோஷப்படு" என்றார். அந்தப் பாடத்தில் எனக்குத் தொண்ணூற்றொரு மதிப்பெண் போட்டிருந்தார். போயும் போயும் அதே கல்லூரிக்கு ஏன் வேலைக்கு வந்தாய் என்று என் கணவர் கேட்பதுண்டு. வேறு இடம் கிடைக்கவில்லை என்பேன். அது பாதி உண்மை.

பேட்டியில் முதல் ஒரு மணி நேரம் எதிர்பார்த்த மாதிரியே போனது. வாங்கிய விருதுகள், வளர்த்த மாணவர்கள், நடுநடுவே அளவான கண்ணீர். கேமரா பிடித்த மாணவிகளைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, கேமராவை ஓடவிட்டபடியே நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சார், வட்டத்துக்கு நடுவுல எங்க எல்லாரையும் உக்கார வச்சீங்க. நீங்க ஒரு தடவைகூட வந்ததில்லையே. இப்ப வாங்களேன்."

"இது படத்துல வராதுல்ல?"

"வட்டத்துல சொன்னது வட்டத்தோட, சார்."

கடகடவென்று சிரித்தார். "என் வசனத்தையே என்கிட்ட பேசறியா! ஆமா, நீ அப்ப என்னமோ சொன்னியே... ரொம்ப நல்லா இருந்துச்சு. என்னது அது?"

மறந்துபோயிருந்தார். என் அம்மாவை என்னிடமிருந்து பிடுங்கிய மனிதருக்கு அது என்னவென்றே நினைவில்லை. எனக்கும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இதுவும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுதான்: கேள்வி கேட்டபின் பேசாதே, மனதுக்குள் பத்து வரை எண்ணு, மனிதர்களால் அமைதியைத் தாங்க முடியாது. ஏழு எண்ணும்போது அவர் தொடங்கினார். கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் ஒரு பெரிய நாடகக் குழுவின் தேர்வுக்குப் போய் நடித்துக் காட்டினார்களாம். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது, மனைவியை மட்டும் சேர்த்துக்கொள்வதாக. அவர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இருவருக்குமே பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அதன்பிறகு மேடையே ஏறவில்லை. சொல்லும்போது அழுதார். மூக்கு ஒழுகியது. குழாய் அழுகையில் மூக்கு ஒழுகாது.

அன்றே அந்த இரண்டு நிமிடத்தை வெட்டிப் படத்தின் பதினேழாவது நிமிடத்தில் சேர்த்தேன். விழாவில் மனைவியும் முன்வரிசையில்தான் இருப்பார். இருக்கட்டும் என்று நினைத்தேன். என் அம்மாவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தாள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு அவர் மனைவியே எடிட்டிங் அறைக்கு வந்தார். கல்லூரியில் எல்லாருக்கும் அவர் அக்காதான். நாடகங்களுக்கு உடுப்புத் தைத்துத் தருவது அவர். ஒத்திகையின்போது மேடையோரத்தில் வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு நிற்பார். படத்துக்காக நான் கேட்டிருந்த பழைய புகைப்படங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் ஒரு இளம்பெண் மேடை நடுவில் நின்று தலையை லேசாகச் சாய்த்திருந்தாள். பக்கத்தில் இருந்த நாலு பேரும் கண்ணிலேயே படவில்லை.

"இது யாரு அக்கா?"

"நான்தான். அவ்வளவு ஆசை அப்ப. ரெண்டு பேரும் ஒரு குழுவுக்கு நடிச்சுக் காட்டினோம், ரெண்டு பேருக்குமே பதில் வரல. அவருக்கு அதிர்ஷ்டம் இல்ல, எனக்குத் திறமை இல்ல. சரிதான்னு விட்டுட்டேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! என்னால் தாங்க முடியவில்லை. ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டினேன். இரக்கத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பொய். மூன்று நாள் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் அசையாமல் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கணவரின் முகத்தை மட்டும் பார்த்தார்.

"அழுறது நிஜமா?"

"மூக்கப் பாருங்க அக்கா."

தொழில் தெரிந்தவர், தலையசைத்தார். இதை அவரிடம் எப்படி வாங்கினாய் என்று கேட்டார். வட்டத்தைச் சொன்னேன், அம்மா கதையையும் சொன்னேன்.

"படியில உக்காந்திருந்த பொண்ணுக்கு உடுப்பு தச்சது நான். இந்தக் கதை எங்க கிடைச்சுதுன்னு கேட்டேன். கனவுல வந்துச்சுன்னார்."

முன்னூறு பேர் நடுவில் இவரை உட்காரவைத்து நான் செய்யவிருந்தது அந்த மனிதர் செய்ததேதான் என்று அப்போதுதான் உறைத்தது. "அக்கா, இத எடுத்துடறேன். உங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்று மவுஸைப் பிடித்தேன். அவர் என் கைமேல் கையை வைத்தார்.

"எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும். ஆரம்பத்துல கொஞ்சம் இழுக்கறார், அத மட்டும் குறைச்சிடு. கடிதம்னு சொல்ற இடம் சட்டுனு வரணும்."

"முன்னூறு பேர் இருப்பாங்க அக்கா."

"இருக்கட்டும். முப்பது வருஷமா ஒருத்தர்கூட என்னைப் பாக்கல" என்றபடி புகைப்படங்களை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று நாளும் அவரையே கவனித்தேன். கணவருக்குப் புதுச் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில் நிற்கவைத்து, தோள்பட்டை சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அவர் ஏதோ கிண்டல் செய்ய, செல்லமாக அடித்தார். ஒரு இமைகூடப் பிசகவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் நடிக்கத் தெரிந்த ஆளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

விழா அன்று காலை பதினோரு மணிக்குப் படம் ஓடத் தொடங்கியது. நான் அரங்கின் பக்கவாட்டில் கணினியோடு நின்றேன். முன்வரிசை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டினார்கள். அவர் புதுச் சட்டையில் கால்மேல் கால் போட்டு ரசித்துக்கொண்டிருந்தார். பதினேழாவது நிமிடம் திரையில் அவர் முகம் நிறைந்தது. அலங்காரம் ஏதும் இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே, "ஒரு கடிதம் வந்துச்சு" என்றது முகம். அவர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். எங்கே இருக்கிறேன் என்று என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்ட பார்வை அது, ஆனால் அது என்னிடம் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலிக்குத் திரும்பியது. அவர் எழப் பார்த்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து, நாற்காலியின் கையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அரங்கம் ஒவ்வொரு வரிசையாகத் திரையை விட்டுவிட்டு அக்காவைப் பார்க்கத் தொடங்கியது.