ஊரணிக் கல்லுக்குப் போட்ட கைநாட்டு

"இந்த வாக்காளர் பட்டியல்ல பழனிச்சாமின்னு ஒருத்தன் இருந்தாக் காட்டும்மா பாப்போம்."

தாசில்தார் பட்டியலைச் செவந்தியின் பக்கம் திருப்பி வைத்தார். அவளுக்கு எழுத்தே கண்ணில் நிற்கவில்லை. பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யூனியன் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, மனுவில் கைநாட்டு வைத்த பெண்கள் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கூத்து நடப்பது அவர்களுக்குத் தெரியாது.

"மேலக்காட்டுல பழனிச்சாமி இல்ல. ஆண்டின்னு எழுதியிருக்கே, அவனும் இல்ல. கண்ணுச்சாமியும் இல்ல. இல்லாத ஆளுங்களுக்குப் பொண்டாட்டி மட்டும் எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த யூனியன் சேர்மன் உடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நான் அப்பவே சொன்னேனே சார். வீட்டுல குந்தி இந்தப் புள்ளையே பேரையும் எழுதி, விரலையும் வச்சிருக்கு. ஏ புள்ள, கள்ளக் கைநாட்டு போட்டா என்ன கேசுன்னு தெரியுமா? நாளைக்கே ஒன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காயிதம் போட்டா பத்தாங்கிளாஸ் படிப்பு அத்தோட சரி."



சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. கீழக்காட்டுக்கும் மேலக்காட்டுக்கும் குடிதண்ணீருக்கு ஒரே ஊரணிதான். அது தூர்ந்துபோய், சித்திரை வந்தால் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடிக்கிற பிழைப்பு. தூர்வாரிப் படித்துறை கட்ட யூனியனில் பணம் ஒதுக்கி, கருங்கல்லும் வந்து கரையில் இறங்கிவிட்டது. இரண்டு ஊர்ப் பெண்களும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருநாள் லாரி வந்து நின்று அதே கல்லைத் திரும்ப ஏற்றியது. கேட்டால், திருவரங்குளம் போகிற ரோட்டில் விளையாட்டரங்கம் கட்டப் போகிறார்களாம். சுற்றிலும் கல்படி, மேலே கொட்டகை, நடுவில் சடுகுடு மைதானம். திருச்சியிலிருந்தெல்லாம் ஆள் வந்து ஆடுவார்களாம். ஊரணிக்கு ஒதுக்கின பணமும் அங்கேதான் போகிறது.

ஆண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் அரங்கத்தின் மேல் ஆசை. செவந்தியின் அப்பா ரத்தினவேல் இளவட்டமாக இருந்த காலத்தில் சடுகுடுவில் பேர் வாங்கினவர். கட்டி முடித்ததும் அவரையே வாட்ச்மேனாகப் போடுவதாகச் சேர்மன் வாக்குக் கொடுத்திருந்தார். காக்கிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடும்போதுகூடச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மேலக்காட்டு ராக்காயிதான் முதலில் கிளப்பினாள். "அவுக ஏறிக் குந்தக் கல்லு வேணும், நாம எறங்கித் தண்ணி மொள்ள வேணாமாக்கும்? ஏ செவந்தி, ஒனக்குத்தான் எழுத்துத் தெரியுமே. கலெக்டருக்கு எழுதுடி."

எழுதினாள். ஊரணிக் கல்லைத் திருப்பிக் கொடுங்கள், ஊரணிப் பணத்தில் அரங்கம் கட்டாதீர்கள் என்று எழுதினாள். கிராம முன்சீப் வீட்டில் மைப்பெட்டி கேட்டால் காரியம் வெளியே தெரிந்துவிடும். அதனால் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஆண்கள் கடைப்பக்கம் போகிற நேரமாகப் பார்த்துப் போனாள்.

சிக்கல் அங்கேதான். இரண்டு ஊரிலும் பாதிப் பேர் ராக்காயி, மீதிப் பேர் காத்தாயி. இன்னார் மனைவி என்று எழுதினால்தான் ஆள் அடையாளம் தெரியும். ஆனால் எந்தப் பெண் புருஷன் பேரை வாயால் சொல்வாள்? சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். கீழக்காட்டு ஆண்கள் பேர் செவந்திக்குத் தெரியும். மேலக்காட்டில் எல்லாம் சாடைதான். ராக்காயி பழனி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். செவந்தி பழனிச்சாமி என்று எழுதினாள். ஒருத்தி உள்ளங்கையை ஏந்திக் காட்டினாள். ஆண்டி என்று எழுதினாள். இன்னொருத்தி கண்ணைத் தொட்டாள். கண்ணுச்சாமியாகத்தானே இருக்கும்? எழுதினதை ஒருதரம் உரக்க வாசித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பெரிய ஆம்பளைகள் பேரை அவர்கள் பெண்சாதி முன்னாலேயே ஒரு சின்னப் பெண் எப்படிச் சத்தம் போட்டுச் சொல்வது? மரியாதை பார்த்து மனசுக்குள்ளேயே வாசித்துக்கொண்டாள்.

கடைசியில் வீட்டுக்கு வந்தபோது ஆத்தா காத்தாயி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலைக் கரியில் தோய்த்தாள்.

"ஆத்தா, அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியிறப்ப தெரியட்டும். நாளைக்கு அந்தச் சேத்துல வழுக்கி விழுகப் போறது நாந்தானே."

அந்த மனுதான் கலெக்டர் வரைக்கும் போய், விசாரணைக்கென்று தாசில்தாரோடு திரும்பி வந்து, இப்போது செவந்தியின் கழுத்தைப் பிடித்தது.

"வாயத் தொறந்து சொல்லும்மா," என்றார் தாசில்தார்.

"அவுக புருசன் பேரச் சொல்ல மாட்டாகய்யா." செவந்தி ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "சாடை காட்டுனாக. நாந்தான் தப்புத் தப்பா எழுதிட்டேன். விரல் எல்லாம் அவுக வச்சதுதான். சத்தியமாய்யா."

"நல்லா இருக்கே கதை," என்றார் சேர்மன்.

தாசில்தார் பேனாவால் மேசையைத் தட்டினார். பிறகு வாசலில் நின்ற பியூனிடம் பெண்களை உள்ளே விடச் சொன்னார்.

வெற்றிலை வாசனையும் புழுதியுமாக அறை நிறைந்தது. ராக்காயிதான் முன்னால் வந்தாள்.

"ஒம் பேரு?"

"ராக்காயி, சாமி."

"புருசன் பேரு?"

ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத எப்பிடிச் சாமி எவ்வாயால சொல்லுவேன்?"

"பாத்தீங்களா சார்?" சேர்மன் எழுந்தே விட்டார். "கட்டுன புருசன் பேரே தெரியல. இதுக கலெக்டருக்கு மனுப் போடுதாம்."

ராக்காயியின் சிரிப்பு நின்றது. "தெரியாமத்தான் இத்தனை வருசமாச் சோறாக்கிப் போடுறேனாக்கும்? ஒங்க வீட்டுல போயி அக்காவக் கேட்டுப் பாருங்க சேர்மனய்யா. ஒங்க பேர அவுக சொல்லிட்டா, இந்த மனுவ நானே கிழிச்சுப் போடுறேன்."

மூலையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தாசில்தார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் அதே கதைதான் போலிருக்கிறது.

"அதெல்லாம் சரிம்மா. பேரு தெரியாம நான் என்னத்தப் பதியிறது?"

ராக்காயி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள். "இந்தா, இவ சொல்லுவா எம் புருசன் பேர. இவ புருசன் பேர நான் சொல்லுறேன். அடுத்தவ புருசன் பேரச் சொன்னா எந்தச் சாமியும் கோவிச்சுக்காது. சொல்லுடி!"

"தண்டாயுதம்!"

தாசில்தாரின் விரல் பட்டியலில் இறங்கியது. "தண்டாயுதம். இருக்கு."

"இவ புருசன் பிச்சை!"

"இருக்கு."

"இவ வீட்டுக்காரரு அய்யாக்கண்ணு!"

"இருக்கு."

அப்புறம் அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருத்தி தோளை ஒருத்தி தட்டிச் சொன்னார்கள். வெள்ளைச்சாமி, சேவுகன், வீரய்யா என்று ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பெண்கள் வாயிலிருந்து வரிசையாக வந்து நின்றார்கள். "எம் புருசன் பேர இவ்வளவு ஆசையாச் சொல்லுறியேடி, கூட்டிட்டுப் போயிராத," என்று ஒருத்தி சொல்ல, குமாஸ்தா இந்த முறை இருமவில்லை, சிரித்தே விட்டார். தாசில்தார் சிவப்பு மையில் திருத்திக்கொண்டே போனார். செவந்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் காத்தாயி வந்து நின்றாள்.

"இவ வீட்டுக்காரரு ரத்தின..." ராக்காயி ஆரம்பித்தாள்.

"நிறுத்து." சேர்மன் குறுக்கே வந்தார். "சார், ரத்தினவேலு எங்க ஆளு. அரங்கத்துக்கு வாட்ச்மேனாப் போறவன். அவன் பொண்டாட்டி அவனுக்கு எதிரா விரல் வைப்பாளா? இது மக வச்சது. அடிச்சுச் சொல்லுறேன். எழுதுனவளோட ஆத்தாங்கிறதால மத்தவங்க சாட்சி செல்லாது. அவ வாயாலயே சொல்லட்டும். இது ஒண்ணு பொய்யின்னா மனுவே பொய்."

தாசில்தார் மனுவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்தக் கடைசிக் கைநாட்டில் எண்ணெய் கூடிக் கரி ஈஷிப்போயிருந்தது. ரேகை ஒன்றும் தெரியவில்லை.

"நீயே சொல்லிரும்மா," என்றார். "இன்னாரு பொண்டாட்டி, நாந்தான் விரல் வச்சேன்னு சொல்லு. வேற வழி இல்ல."

சத்தம் அடங்கிவிட்டது. ஆத்தாவின் கை தாலியைத் தேடிப் பிடிப்பதைச் செவந்தி பார்த்தாள். ஆயுசு குறையும் என்கிற பயம் ஒரு பக்கம். அந்தப் பேரை இங்கே சொன்னால் அப்பாவின் காக்கிச் சட்டை இந்த நிமிஷமே போச்சு என்பது இன்னொரு பக்கம். சொல்லாவிட்டால் கல்லும் போச்சு, தன் படிப்பும் போச்சு. வேண்டாம் ஆத்தா என்று சொல்லவா, சொல்லிவிடு என்று கெஞ்சவா என்று தெரியாமல் செவந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காதுக்குள் தன் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் திம்திம்மென்று கேட்டது, வேறெதுவும் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது தாசில்தார் எழுதிக்கொண்டிருந்தார். ராக்காயி தன் கன்னத்தில் கை வைத்து நின்றாள். சேர்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். ஆத்தா மட்டும் தாலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, நேராக நின்றாள்.

"ரத்தினவேல் மனைவி காத்தாயி," என்று எழுதினதைப் படித்தார் தாசில்தார். "மனு நெசம்தான். நான் கலெக்டருக்கு எழுதுறேன். அங்கிட்டிருந்து உத்தரவு வார வரைக்கும் ஊரணிக் கல்லுல ஒண்ணு நகரக் கூடாது. லாரியில ஏத்திட்டுப் போனதையும் திரும்பக் கொண்டாந்து எறக்கச் சொல்லுங்க சேர்மன்."

திரும்பி வரும்போது பெண்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்தும் ஒதுங்கவில்லை. கடைசியில் டிரைவர்தான் ஓரங்கட்டினார். அன்று சாயங்காலமே லாரி திரும்பி வந்து ஊரணிக் கரையில் கல் இறங்கினபோது ஆளுக்கொரு கல்லைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்கள். "அரங்கத்துல ஒக்காந்த மாதிரியே இருக்குடி," என்றாள் ராக்காயி. செவந்தியை நடுவில் உட்காரவைத்து, "எங்க வக்கீலம்மா," என்று திருஷ்டி கழித்தார்கள். மூன்று ஊர் கேட்கிற சிரிப்பு. ஆத்தா மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அப்பா வீட்டில் இருந்தார். கடைப்பக்கம் போய்விட்டு வந்திருக்கிறார். அப்படியென்றால் எல்லாம் தெரிந்திருக்கும். ஆத்தா சோறு வைத்தாள். அவர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்று ஆத்தா கேட்கவில்லை, அவராகவும் கேட்கவில்லை. கை கழுவினதும் ஆத்தா மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

செவந்தி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். விழுந்தால் வாங்கிக்கொள்வது, ஆத்தாமேல் கை வைத்தால் குறுக்கே விழுவது என்று முடிவும் செய்திருந்தாள்.

"ஏத்தா," என்றார் அப்பா. "இங்கிட்டு வா."

போனாள்.

"சேர்மன் ஆளு அனுப்பிட்டாரு. வேலை இல்லையாம்."

"ம்."

"ஒங்காத்தா எம்பேரச் சொன்னாளாமே. ஆபீசுல, அத்தனை பேருக்கு முன்னால."

"ஆமாப்பா." அவள் தலை குனியவில்லை. "சொன்னுச்சு."

அவர் கொல்லைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நான் ஒரு தடவை கேட்டதில்லத்தா. நீ பக்கத்துலதானே நின்ன. அவ சொன்னப்ப, எம்பேரு எப்பிடி இருந்துச்சு?"