வலது குழலின் வீக்கம்

"தானா வீங்கிச்சாம்! இரும்பு என்ன ஈறா, தானா வீங்குறதுக்கு?"

மாத்தளையில் பட்டறை வைத்திருக்கும் மோகனராஜ் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். யட்டவத்தையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த செல்லச்சாமி எதிரே பெட்டியின் மேல் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்து பன்றி சுடும் ரெட்டைக்குழல் துவக்கு மேசையில் கிடந்தது. வலது குழலின் வாய்க்கு நாலு விரல் இப்பால், முட்டையை விழுங்கிய பாம்பு மாதிரி ஒரு புடைப்பு.

நாளைக் காலை லைசன்ஸ் புதுப்பிக்க அரசாங்கக் கச்சேரியில் துவக்கைக் காட்ட வேண்டும். இந்தக் கோலத்தில் காட்டினால் திருப்பித் தரமாட்டார்கள். மரவள்ளியில் பாதியைப் பன்றி ஏற்கெனவே உழுதுவிட்டது. மீதியும் போனால் செல்லச்சாமிக்கு இந்த வருஷம் ஒன்றுமே மிஞ்சாது, பாவம்.

"அண்ணே, குழல் அடைச்சிருந்திருக்கு. மண்ணா? குளவிக்கூடா? சொல்லித் தொலைங்களேன்."

"பன்னியப் பாத்தேன், வலது குழலோட முன்விசைய இழுத்தேன். அவ்வளவுதான் தம்பி."

"ரெண்டு மாசமா சுவத்துல தொங்கின துவக்க, உள்ள பாக்காமயா சுட்டீங்க? கை போயிருந்தா?"

"போகலையே தம்பி."

இந்தப் பதிலுக்கு மனிதன் என்னதான் செய்வது?

நல்லவேளை, வெடிப்பு இல்லை. குழல்களைச் சேர்த்த பட்டையும் விட்டுப்போகவில்லை. மோகனராஜ் வலது குழலின் அளவுக்கே கடைந்த எஃகு உருளைக்கு எண்ணெய் தடவி உள்ளே இறக்கி, புடைப்பின் மேல் சின்னச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். ஓங்கித் தட்டினால் பள்ளம் விழும். பைய, சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். தட்டுவார், உருளையை எடுப்பார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். உள்ளே புடைப்பின் நிழல் கறுப்பு வளையமாக அப்படியே இருக்கும். "துணியத்தான் விட்டிருப்பீங்க!" மறுபடி தட்டுவார். "பீடித் துண்டா இருந்தாலும் இருக்கும்!" இருந்த எரிச்சலில் இடது குழலை அவர் எட்டியும் பார்க்கவில்லை.

மத்தியானம் தாண்டி வளையம் மயிரிழையாக மெலிந்தது. வெளியே தடவினால் கையில் தட்டுப்படவில்லை. இடது குழலையும் துடைத்துக் கொடுப்போம் என்று கம்பியை விட்டார். வாய்க்கு நாலு விரல் இப்பால் நின்றது. அழுத்திக் குத்தினார். கட்டிபட்ட சந்தன உருண்டையொன்று, காய்ந்த செவ்வந்திப் பூவோடு மேசையில் விழுந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி நிரோஷா குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம ஆயுத பூசைப் பூவுல்ல? நீங்கதானே துவக்கு வாயிலெல்லாம் சந்தனத்த அப்பிப் பூவச் செருகினீங்க? போன்ல படங்கூட எடுத்தீங்களே!"

அப்போது சுருள்வில் மாற்ற வந்திருந்த துவக்கு இது. பூசைக்கு மறுநாள், வெளியே மட்டும் துடைத்து இவரேதான் கொடுத்தனுப்பினார்.

மோகனராஜ் கம்பியை மேசையில் வைத்தார்.

"அண்ணே… உங்களுக்குத் தெரியுமா?"

"சுட்டப்ப பூவெதழ் பறந்திச்சு தம்பி. சாமிக்கு வச்ச பூவ எப்பிடிக் குத்தம் சொல்றது?"

"காலையிலயே சொல்லியிருந்தா நான் வாய மூடிக்கிட்டு வேலையப் பாத்திருப்பேனே!"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

நிரோஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீங்கின எடம் மெலிஞ்சிருக்கும். வலது குழல்ல இனித் தோட்டாவே போடாதீங்க, எடது போதும்," என்றார் மோகனராஜ், தரையைப் பார்த்தபடி. "நாளைக்கு நானும் கச்சேரிக்கு வாறேன். தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன்."

செல்லச்சாமி துவக்கைச் சாக்கில் சுற்றினார்.

"வாங்க தம்பி. ஆனா அங்கயாச்சும் கத்தாம இருங்க."