குழாயின் நுனி

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் குழாய் போடக் கூடாது என்பது வார்டு வழக்கம். அதனால் என் அண்ணனுக்கு அவசரம்தான் போட்டாள். அவசரம் என்பது கூட வேலை செய்யும் நர்ஸுக்கு நான் வைத்த பட்டப்பெயர். கை சுத்தமான கை. வாயும் காலும்தான் ஒரு இடத்தில் நிற்காது.

லாரி ஓட்டும் அண்ணனுக்கு விபத்துக்குப் பிறகு கால் எலும்பில் சீழ். வாரக்கணக்கில் விடாமல் மருந்து ஏற்றினால் கால் தப்பும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். அந்த மருந்தின் காரத்தைக் கையிலுள்ள சின்ன நரம்பு தாங்காது. மேல்கை வழியாக ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, இதயத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கட்டிலிலேயே செய்துவிடுகிற வேலைதான்.

எக்ஸ்ரே வந்தது. குழாய் தோள் வரை ஒழுங்காகப் போய், கீழே இறங்க வேண்டிய இடத்தில் மேலே திரும்பிக் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி, கண்ணை எங்கடி வச்சிருந்த?"

"எல்லாருக்கும் நடக்கறதுதானே! போன வாரம் உனக்கு நடக்கலையா?"

நடந்தது. ஆனால் அது என் அண்ணன் இல்லையே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று நானே கையுறை மாட்டிக்கொண்டேன்.

திருத்துவது பெரிய வித்தை இல்லை. குழாயைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை அந்தத் தோள் பக்கம் திருப்பச் சொன்னால் கழுத்து வழி குறுகும். உப்புத்தண்ணீரை வேகமாகச் செலுத்திக்கொண்டே தள்ளினால் நுனி பெரும்பாலும் கீழே போய்விடும்.

"தாடையைத் தோள்ல வைண்ணே. மூச்சை நல்லா இழு."

"போட்டோ எடுக்கப் போறியா?"

"வாயை மூடு."

தண்ணீரைச் செலுத்தினேன். அண்ணன் முகம் சுளித்தான். "காதுக்குள்ள யாரோ தண்ணிக் குழாயத் தொறந்துவிட்ட மாதிரி இருக்குடி."

குழாய் கழுத்துக்குப் போனால்தான் அந்தச் சத்தம் கேட்கும். மறுபடி இழுத்தேன், மறுபடி தள்ளினேன். மறுபடியும் காது. இன்னொரு எக்ஸ்ரே எடுத்தோம். நுனி அதே கழுத்தில்.

"இப்படி முரண்டு பிடிக்கற நரம்ப நான் பாத்ததே இல்ல," என்றாள் அவசரம்.

"எல்லாம் நீ போட்ட லட்சணம்."

அவள் முகம் சுண்டிப்போனது. எக்ஸ்ரே தெரிந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்கிறவளே இல்லை அவள்.

"இங்க வா," என்றாள் மெதுவாக. "நுனியப் பாக்காத."

எங்கள் கண் வேறெங்கே போகும்? படத்தைக் கண்டதும் குழாயைப் பிடித்துக்கொண்டே போய் நுனியில் நிற்கும். மற்றதெல்லாம் எங்களுக்கு வெறும் சுவர். கண்ணை அங்கிருந்து பிடுங்கிக் கீழே இறக்கினேன். நெஞ்சின் நடுவில் இருக்கும் நிழல், இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு அகலமாக, ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு இருந்தது. முதல் படத்தைத் திறந்தேன். அதிலும் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழாய் இறங்க வழியே இல்லை. தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் பெரிய நரம்பை ஏதோ வெளியிலிருந்து நெரித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் கால் எலும்பைத் தவிர வேறெதையும் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. "காலைல எழுந்தா முகமெல்லாம் உப்பிக் கெடக்கு," என்று அண்ணி சொன்னபோது, "ஆஸ்பத்திரித் தூக்கம் அண்ணி," என்று சிரித்தவள் நான். அதே நெஞ்சுக்குள்தான் இவ்வளவு நேரம் முட்டி முட்டித் தள்ளியிருக்கிறேன்.

அவசரம் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவளிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அண்ணன் தாடையைத் தோளில் வைத்தபடியே காத்திருந்தான்.

"என்னடி, இன்னொரு தடவையா?"

"இல்லண்ணே. நேரா உக்காரு." கையுறையைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "குழாய்ல கோளாறு இல்ல. நெஞ்சுக்குள்ள ஏதோ வளந்திருக்கு. பெரிசா இருக்கு. டாக்டர் வந்துட்டிருக்கார்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. போர்வைக்கு மேலே முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"குழாய் போகலன்னா மருந்து ஏத்த முடியாதே," என்றான். "அப்ப கால எடுத்துடுவாங்களா?"

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல் நான் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். இப்போது அவன் கேட்டேவிட்டான். கால் போனால் போகட்டும் அண்ணே, என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.